பாதத்தில் ஒரு நோட்டுப்புத்தகம்

என் மேசையில் ஊதா நிற டிராகன் பொம்மை ஒன்று நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பச்சை நிற வட்டப் பீடம், மூக்கு நுனியில் உரிந்த பெயின்ட், ஒடியாத சிறகு. பழைய விளையாட்டுச் சாமான் விற்பவரிடம் பேரம் பேசி வாங்கியது. பெயர் ஸ்பைரோ. எனக்கு முன்னால் இது ஏதோ ஒரு பிள்ளையிடம் இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளை இதற்கு என்ன செல்லப்பெயர் சூட்டியது, எந்தத் தொப்பியை மாட்டிவிட்டது, எவ்வளவு பொற்காசு சேர்த்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பொம்மைக்குத் தெரியும்.

கவித்துவமாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவும் அதன் பாதத்துக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, சார்ஜ் போடத் துளை இல்லை. பின் எப்படி ஒரு பிளாஸ்டிக் பொம்மை ஞாபகம் வைத்துக்கொள்கிறது? கேட்டால் எப்படிப் பதில் சொல்கிறது?

2011 அக்டோபரில் ஆக்டிவிஷன் நிறுவனம் ‘ஸ்கைலேண்டர்ஸ்: ஸ்பைரோஸ் அட்வென்ச்சர்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. பெட்டியைத் திறந்தால் டிஸ்க்குடன் மூன்று பொம்மைகளும், ‘போர்ட்டல்’ என்று பெயரிடப்பட்ட ஒரு வட்டப் பீடமும் இருக்கும். பொம்மையைப் போர்ட்டல்மீது வைத்தால் போர்ட்டல் ஒளிரும். அதே பொம்மை உயிர்பெற்றுத் திரைக்குள் குதிக்கும். தூக்கினால் திரையிலும் காணாமல் போகும். வேறொன்றை வைத்தால் அது வரும். முதல் விளையாட்டில் 32 பாத்திரங்கள். நெருப்பு, நீர், மண், காற்று, உயிர், மரணம், மந்திரம், இயந்திரம் என்று எட்டுக் குலங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில கதவுகள் குறிப்பிட்ட குலத்துப் பொம்மை வந்தால்தான் திறக்கும். மூன்று பொம்மைகளோடு கடையை விட்டு வந்த அப்பா மறுபடி கடைக்குப் போக வேண்டியது அந்தக் கதவுகளால்தான். வியாபாரம் புரிகிறது. அறிவியல்தான் இன்னும் சுவாரஸ்யம்.

இதை உருவாக்கியது கலிஃபோர்னியா மாநிலத்தின் நோவாட்டோவில் இயங்கிய ‘டாய்ஸ் ஃபார் பாப்’ என்ற சிறு ஸ்டுடியோ. பால் ரீச்சும் ஃபிரெட் ஃபோர்டும் 1989-இல் தொடங்கியது. ‘ஸ்டார் கன்ட்ரோல் 2’ என்ற 1992-ஆம் ஆண்டு விளையாட்டுக்காக இன்றும் பழைய ரசிகர்கள் இவர்களைக் கொண்டாடுகிறார்கள். 2005-இல் ஆக்டிவிஷன் இதை வாங்கியது. 2008-இல் விவெண்டியின் கேம் பிரிவு ஆக்டிவிஷனோடு இணைந்தபோது, 1998 முதல் பிளேஸ்டேஷனில் பறந்துகொண்டிருந்த ஸ்பைரோவும் சீதனம்போலக் கூடவே வந்து சேர்ந்தது.

ஸ்டுடியோவுக்குள் இரண்டு பேருக்கு விசித்திரமான பொழுதுபோக்குகள் இருந்தன. பாத்திரங்களை வரைந்த ஐ-வெய் ஹுவாங், வீட்டில் நீராவியால் நடக்கும் குட்டி ரோபோக்களைச் செய்துகொண்டிருந்தார். புரோகிராமர் ராபர்ட் லேலண்டுக்குச் சாலிடரிங் இரும்பும் சர்க்யூட் போர்டும் கைப்பழக்கம். போர்ட்டலின் முதல் மாதிரியைத் தயாரித்தவர் அவர். இந்த விளையாட்டில் புதிய கண்டுபிடிப்பு என்று ஒன்றுமே இல்லை. சிப் பழையது, கம்பிச்சுருள் அதைவிடப் பழையது, பொம்மை எல்லாவற்றையும்விடப் பழையது. மூன்றையும் ஒரே மேசையில் பார்த்த கண்தான் புதிது.

பொம்மையின் அடிப்பீடத்தை நெம்பித் திறந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உள்ளே மெல்லிய வட்டத் தகடு ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றிப் பல சுற்றுச் செம்புக் கோடு. ஓரத்தில் மிளகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளி. புள்ளி, சிப். செம்புக் கோடு, கம்பிச்சுருள். அவ்வளவுதான் சொத்து.

போர்ட்டலுக்குள்ளும் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தை அது நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை முன்னும் பின்னுமாக ஆட்டுகிறது. அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுவதும் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்காகத் திறந்துவிடப்பட்ட அலைவெண்களில் இதுவும் ஒன்று. மின்சாரம் ஆடினால் காந்தப்புலமும் ஆடும். ஆடும் காந்தப்புலத்துக்குள் இன்னொரு கம்பிச்சுருளைக் கொண்டுபோய் வைத்தால் அதில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டுபிடித்தார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இதே விதியில்தான் உறுமிக்கொண்டிருக்கிறது. போர்ட்டலும் பொம்மையும் சேர்ந்தால் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பாதி போர்ட்டலில், மீதிப் பாதி பொம்மையின் காலடியில்.

ஆனால் இது ஓட்டை டிரான்ஸ்ஃபார்மர். நடுவில் இரும்பு உள்ளகம் கிடையாது, வெறும் காற்றும் பிளாஸ்டிக்கும்தான். காந்தப்புலத்தின் பெரும்பகுதி வீணாகிறது. அதனால் இன்னொரு தந்திரம் தேவைப்படுகிறது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சுண்டுவிரலால் தள்ளினாலும், சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஊஞ்சல் உயரப் போகும். கம்பிச்சுருளோடு ஒரு மின்தேக்கியை இணைத்தால் அதுவும் ஊஞ்சல் ஆகிவிடும். அதற்கென்று ஓர் இயல்பான தாளம் வந்துவிடும். இந்த ரகச் சிப்புக்குள் இருக்கும் மின்தேக்கியின் அளவு சுமார் 17 பிக்கோஃபாரட். அதற்கு ஏற்றபடி சுற்றுகளை எண்ணிச் செம்பை வரைந்தால் 13.56 மெகாஹெர்ட்ஸில் தாளம் பொருந்தும். சின்னச் சின்னத் தள்ளல்கள் சேர்ந்து சிப்பை எழுப்பும் அளவுக்கு மின்னழுத்தம் கிடைக்கும். பொம்மையைப் போர்ட்டலில் வைக்கும்வரை அந்தச் சிப்பில் ஒரு துளி மின்சாரம் கிடையாது. வைத்த நொடியில்தான் அதற்குப் பொழுது விடிகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். போர்ட்டல் வேண்டியதில்லை, என்.எஃப்.சி. வசதி உள்ள போனும் தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையும் போதும். அட்டையைப் போனின் முதுகில் வையுங்கள், போன் சிணுங்கும். நடுவில் ஒரு துண்டு வாழையிலையைச் செருகுங்கள், அப்போதும் சிணுங்கும். இலைக்குப் பதில் எவர்சில்வர் தட்டைச் செருகினால் கப்சிப். தட்டில் சுழல் மின்னோட்டங்கள் பிறந்து, வந்த காந்தப்புலத்துக்கு எதிராக ஒரு புலத்தை எழுப்பி அதைக் கழித்துவிடுகின்றன. இந்த அலைவெண்ணில் எவர்சில்வருக்குள் காந்தப்புலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போவதற்குள் சோர்ந்துவிடும். தட்டின் தடிமன் அதைவிட அதிகம். தூரமும் எதிரிதான். சுருளை விட்டுச் சற்று விலகியபின், தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. பொம்மையைத் தூக்கியவுடன் திரையிலிருந்து அது மறைவதற்கு, விளையாட்டு விதிக்கு முன்னால் இந்த விதிதான் காரணம்.

மின்சாரம் வந்துவிட்டது. இனிப் பேச்சு. போர்ட்டல் பேசுவது எளிது: காந்தப்புலத்தை ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு நேரம் சட்டென்று நிறுத்தி, மறுபடி தொடங்கும். இடைவெளிகள் விழும் இடத்தைப் பார்த்து ஒன்றா பூஜ்யமா என்று சிப் புரிந்துகொள்ளும். அந்த இடைவெளியில் சிப்பே மயங்கி விழுந்துவிடாமல், சேர்த்துவைத்த மின்னூட்டம் தாங்கிக்கொள்ளும்.

பொம்மை பதில் சொல்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு ரேடியோ அலையை அனுப்ப வலுவில்லை. அனுப்பவும் இல்லை. நீங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென்று குழாயில் தண்ணீர் மெலிகிறது. குளியலறையில் யாரோ குழாயைத் திறந்துவிட்டார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். இரண்டும் ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்துதானே வருகின்றன? குளியலறையில் இருப்பவர் குழாயைத் திறந்து திறந்து மூடினால் உங்களுக்குத் தந்தி அடிக்கலாம். பொம்மை செய்வது அதேதான். போர்ட்டலிடமிருந்து கொஞ்சம் அதிக மின்சாரத்தை இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது, விடுகிறது. போர்ட்டல் தன் சுருளில் அந்த மெல்லிய தளர்வை உணர்ந்து எழுத்தாக்கிக்கொள்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 1 லட்சத்து 6 ஆயிரம் பிட் வேகத்தில் இந்தக் குழாய்த் தந்தி ஓடுகிறது. வாங்குகிற சாப்பாட்டை வாங்கும் விதத்திலேயே சேதி சொல்வது. இதைவிடச் சிக்கனமான பேச்சு இருக்க முடியாது.

அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பொம்மையை ஒரே போர்ட்டலில் வைத்தால்? இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும். இதற்கு வகுப்பறை முறை. ஒவ்வொரு சிப்புக்கும் தொழிற்சாலையிலேயே 4 பைட் நீளத்தில் ஒரு வரிசை எண் இடப்பட்டிருக்கிறது. போர்ட்டல் எல்லோரையும் எண்ணைச் சொல்லச் சொல்கிறது. எண்கள் ஒத்துப்போகும்வரை குரல் தெளிவாகக் கேட்கும். ஒன்று பூஜ்யம் என்றும் மற்றொன்று ஒன்று என்றும் சொல்லும் இடத்தில் குழப்பம் எழும். உடனே போர்ட்டல், “இந்த இடத்தில் ஒன்று உள்ளவர் மட்டும் தொடரட்டும், மற்றவர் உட்காரட்டும்” என்கிறது. இப்படியே போய் ஒரே ஒருவர் நிற்பார். அவரோடு பேசி முடித்து, உட்கார்ந்தவரை எழுப்பும். பிள்ளைகளுக்கு இரண்டு பொம்மையும் ஒன்றாக வந்ததுபோலத்தான் தெரியும்.

சரி, அந்தச் சிப்புக்குள் என்னதான் இருக்கிறது? இது ‘மைஃபேர் கிளாசிக்’ என்ற ரகம். மொத்த நினைவகம் 1024 பைட். இன்று போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல ஆயிரக்கணக்கான சிப்புகளை நிரப்பிவிடும். 16 பைட் கொண்ட 64 கட்டங்களாக அது பிரிந்திருக்கிறது. நான்கு கட்டத்துக்கு ஒன்று பூட்டுக்குப் போய்விடும், முதல் கட்டம் தொழிற்சாலைக்கு. மிஞ்சுவது 47 கட்டம், 752 பைட். தமிழில் ‘ஸ்பைரோ’ என்று எழுதிப் பாருங்கள். யூனிகோடில் ஸ, புள்ளி, ப, ஐகாரக் குறி, ர, ஓகாரக் குறி என்று ஆறு துண்டுகள். ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 18. அதன் சொந்தப் பெயரே தமிழில் ஒரு கட்டத்துக்குள் அடங்காது! நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தியை எழுத அந்தச் சிப் முழுவதையும் கொடுத்தாலும் பாதியில் இடம் தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் டிராகனின் உருவம், குரல், அது தீ கக்கும் விதம் எல்லாம் எங்கே? டிஸ்க்கில். பொம்மையில் இருப்பது இரண்டே விஷயம்: நான் யார் என்று சொல்லும் ஓர் எண், எனக்கு என்னென்ன நடந்தது என்று சொல்லும் சில வரிக் குறிப்பு. எவ்வளவு அனுபவம், எவ்வளவு காசு, என்ன தொப்பி, என்ன செல்லப்பெயர், எந்தெந்தத் திறமைகளை வாங்கியிருக்கிறது. மிச்சமெல்லாம் விளையாட்டுக்குள் ஏற்கெனவே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது. “எனக்குப் புதிதாக ஒரு வீரன் கிடைத்தான்” என்று குதிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவன் முதல் நாளிலிருந்தே டிஸ்க்கில் இருக்கிறான், நாம் காசு கொடுத்து வாங்கியது அவனை எழுப்பும் சாவியை. பழைய பொம்மைகள் புதிய விளையாட்டுகளில் வேலை செய்ததும், 2012-இல் வந்த ‘ஜயன்ட்ஸ்’ விளையாட்டின் ராட்சதப் பொம்மைகளை 2011-ஆம் ஆண்டு விளையாட்டு அடையாளம் காணாமல் போனதும் இதனால்தான். பழைய டிஸ்க்கில் அந்த ராட்சதர்களின் உடல் இல்லை.

ஆனாலும் இதை வெறும் ஏமாற்று என்று தள்ள என்னால் முடியாது. குறிப்பை டிவிக்குக் கீழே இருக்கும் பெட்டியிலேயே சேமித்திருந்தால் வேலை இன்னும் சுலபம், செலவும் குறைவு. மற்ற பெரும்பாலான விளையாட்டுகளும் அப்படித்தானே செய்தன? இவர்கள் ஞாபகத்தைப் பெட்டியிலிருந்து பிடுங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். வீட்டில் நிண்டெண்டோவின் ‘வீ’ பெட்டியில் வளர்த்த டிராகனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் நண்பன் வீட்டுக்குப் போகலாம். இரண்டு கம்பெனிகளின் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேசாது. பொம்மை இரண்டோடும் பேசும். இந்தத் தொடரின் புத்திசாலித்தனம் முழுவதும் அந்த ஒரு முடிவில் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த முடிவு ஒரு தலைவலியையும் கூட்டிவந்தது. ஆறு வயதுப் பிள்ளை எந்த நேரத்தில் பொம்மையைத் தூக்கும் என்று யார் சொல்ல முடியும்? சிப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே தூக்கிவிட்டால் பாதி புதுக் கணக்கு, பாதி பழைய கணக்கு என்று எல்லாம் கெட்டுவிடும். ஒரு மாதம் வளர்த்த டிராகன் போச்சு! இதற்கு அவர்கள் வைத்த தீர்வு பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த தீர்வு. ஒரே குறிப்பை எழுத சிப்பில் இரண்டு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண், கூட்டிச் சரிபார்க்க ஒரு சோதனை எண். விளையாட்டு புதிய கணக்கை எப்போதும் பழைய குறிப்பு இருக்கும் இடத்தில்தான் எழுதும். அண்மையில் எழுதியதைத் தொடாது. அடுத்த முறை படிக்கும்போது இரண்டையும் பார்த்து, சோதனையில் தேறியவற்றில் எந்த வரிசை எண் பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும். பாதியில் தூக்கினால் கடைசிச் சில நிமிடங்கள் மட்டும் நஷ்டம். வங்கிகளின் தரவுத்தளங்களும் மின்வெட்டுக்கு எதிராக ஏறக்குறைய இந்த யோசனையைத்தான் நம்பியிருக்கின்றன.

மைஃபேர் பிறந்தது பொம்மைக்காக அல்ல. ஆஸ்திரியாவின் மிக்ரான் நிறுவனம் 1994-இல் பயணச்சீட்டுக்காகக் கொண்டுவந்தது. பிறகு பிலிப்ஸ் வாங்கி, அதன் சிப் பிரிவு 2006-இல் என்.எக்ஸ்.பி. என்று தனியானது. லண்டன் மாநகரின் ஆய்ஸ்டர் பயண அட்டையில் ஆரம்பத்தில் இருந்ததும் இதே ரகம். இதன் பூட்டுக்கு 48 பிட் சாவி. பூட்டு வேலை செய்யும் முறையை நிறுவனம் ரகசியமாக வைத்திருந்தது. கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளோட்ஸ் என்ற இருவர் சிப்பை அடுக்கடுக்காகச் சுரண்டி, நுண்ணோக்கியில் படமெடுத்து, சுற்றுப்பாதையிலிருந்தே ரகசியத்தைப் படித்து, 2007 டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூட்டை முழுசாகத் திறந்து காட்டினார்கள். ஆய்வு வெளிவராமல் தடுக்க என்.எக்ஸ்.பி. வழக்குப் போட்டது. 2008 ஜூலையில் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஆக, 2011-இல் பொம்மைக்குள் வைக்கப்பட்டது உலகறிய உடைந்த பூட்டு. ரயில் கட்டணத்துக்கு அது ஆபத்து. பிளாஸ்டிக் டிராகனின் தொப்பிக்கு? மலிவாகவும், கோடிக்கணக்கில் கிடைப்பதாகவும், பல வருடம் சோதிக்கப்பட்டதாகவும் இருப்பதே முக்கியம். தயாரிப்பாளர்கள் தங்கள் பங்குக்கு இன்னொரு பூட்டையும் போட்டார்கள். குறிப்புகளை மறையாக்கம் செய்து எழுதினார்கள். அதற்கான சாவியை அந்தந்தச் சிப்பின் வரிசை எண்ணிலிருந்தே வடித்தெடுத்தார்கள். அதனால் ஒரு பொம்மையின் குறிப்பை இன்னொன்றில் அப்படியே நகலெடுத்தால் அது பிதற்றல் ஆகிவிடும். வரிசை எண்ணையே மாற்றி எழுதவிடும் போலிச் சிப்புகள் சந்தைக்கு வந்த கதை வேறு.

நகலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் புரூஸ் ஹூடும் யேல் பல்கலைக்கழகத்தின் பால் ப்ளூமும் 2008-இல் வெளியிட்டது. மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் ‘நகல் எடுக்கும் இயந்திரம்’ ஒன்றைக் காட்டினார்கள். விளக்குகள் எரியும் இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஒரு சாமானை வைத்தால் மற்றதில் அச்சு அசலாக இன்னொன்று வந்துவிடும். எல்லாம் கண்கட்டு வித்தை. பிறகு பிள்ளைகள் தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் சொந்தப் பொம்மையை வைக்கச் சொன்னார்கள். சிலர் கொடுக்கவே மறுத்துவிட்டார்கள். கொடுத்தவர்களிடம், “எதை வீட்டுக்கு எடுத்துப் போகிறாய்?” என்று கேட்டபோது பெரும்பாலானோர் பழையதைத்தான் கேட்டார்கள். சாதாரண விளையாட்டுச் சாமானுக்கு இந்தப் பிடிவாதம் இல்லை.

ஆலையில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஸ்பைரோக்களைப் பெரியவர்களால் பிரித்தறிய முடியாது. சிப்பால் முடியும். 4 பைட்டில் 429 கோடிக்கும் மேற்பட்ட எண்களை எழுதலாம். அவற்றில் ஒன்று இதற்கு, இன்னொன்று அதற்கு. ‘இது என்னுடையது, அது அவளுடையது’ என்ற பிள்ளையின் வாதத்தை ஓர் எலெக்ட்ரானிக் சாதனம் ஆதாரத்தோடு ஏற்றுக்கொண்டது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே 13.56 மெகாஹெர்ட்ஸை வைத்துப் புதுப்புது வேடிக்கைகள். ‘ஜயன்ட்ஸ்’ விளையாட்டில் சில பொம்மைகள் போர்ட்டல்மேல் வைத்ததும் தாமே ஒளிர்ந்தன. பேட்டரி இல்லாமல் எல்.இ.டி. விளக்கு, காந்தப்புலத்திலிருந்தே எரிபொருள். 2013-இல் வந்த ‘ஸ்வாப் ஃபோர்ஸ்’ பொம்மைகள் இடுப்பில் இரண்டாகக் கழன்றன. நடுவில் காந்தம், மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தனித்தனிச் சிப். 16 பொம்மைகளில் 256 உருவங்கள். முன்பு சொன்ன அந்த வகுப்பறை முறை இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. 2014-ஆம் ஆண்டின் ‘ட்ராப் டீம்’ போர்ட்டலில் ஒரு ஒலிபெருக்கி. திரையில் பிடிபட்ட வில்லனின் அலறல் டிவியிலிருந்து நழுவி, கையருகே இருக்கும் போர்ட்டலுக்குள் வந்து அடங்கும். ஒன்றுமே நகரவில்லை, சத்தம் வரும் இடம் மட்டும் மாறியது. ஆனால் கேட்ட பிள்ளை வில்லன் உள்ளே அடைபட்டுவிட்டான் என்று சத்தியம் செய்யும். இவற்றில் எனக்குப் பிடித்தது இதுதான், செலவும் இதற்குத்தான் குறைவாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

2014 தொடக்கத்தில் 17 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் விற்றுவிட்டதாக ஆக்டிவிஷன் அறிவித்தது. போட்டிக்குக் கூட்டம் கூடியது. 2013-இல் டிஸ்னி, 2014-இல் நிண்டெண்டோவின் அமீபோ, 2015-இல் லெகோ. டிஜிட்டல் சரக்கு விற்கவில்லையென்றால் இடத்தை அடைக்காது. பொம்மை விற்கவில்லையென்றால் கிடங்கை அடைக்கும். 2016 மே மாதம் டிஸ்னி தன் ‘இன்ஃபினிட்டி’ தொடரை நிறுத்தியபோது காட்டிய நஷ்டம் 14 கோடியே 70 லட்சம் டாலர், பெரும்பாலும் தேங்கிய சரக்கு. ஸ்கைலேண்டர்ஸின் கடைசிப் பெரிய விளையாட்டு ‘இமேஜினேட்டர்ஸ்’ அதே ஆண்டு அக்டோபரில் வந்தது.

பொம்மைகள் மட்டும் எங்கும் போகவில்லை. அலமாரியிலும் பரணிலும் இருக்கின்றன. அங்கேதான் இந்தக் கதையின் மீதி அறிவியல் நடந்துகொண்டிருக்கிறது.

மின்சாரமே இல்லாமல் சிப் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது? 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங், சைமன் ஸே இருவரும் முன்வைத்த ‘மிதக்கும் வாயில்’ என்ற அமைப்பு அதற்கு அடிப்படை. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு மிகச் சிறிய கடத்தித் துணுக்கு. அதைச் சுற்றி நாலா பக்கமும் கண்ணாடி போன்ற ஆக்சைடுச் சுவர். கதவே இல்லாத அறை. எழுதும்போது உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்தால், குவாண்டம் விதிப்படி எலெக்ட்ரான்கள் சுவரை ஊடுருவி உள்ளே போய்விடும். அழுத்தத்தை எடுத்ததும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அறையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஒன்றா பூஜ்யமா என்பது. அந்தப் பிள்ளை சூட்டிய செல்லப்பெயர் என் மேசைமேல் இப்போது சிறைப்பட்ட எலெக்ட்ரான்களாக இருக்கிறது.

சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒன்றிரண்டு எலெக்ட்ரான்கள் கசிந்துகொண்டேதான் இருக்கும். வெயில் கூடினால் கசிவும் கூடும். மைஃபேர் கிளாசிக் சிப்பின் தொழில்நுட்பக் குறிப்பேட்டில் இரண்டு உத்தரவாதங்கள் அச்சாகியிருக்கின்றன: ஒரு கட்டத்தில் 1 லட்சம் முறை எழுதலாம், எழுதியது 10 ஆண்டு தாங்கும். முதல் எண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது எண் 2021-லேயே முதல் தலைமுறைப் பொம்மைகளைத் தாண்டிப் போய்விட்டது. உத்தரவாதம் முடிந்த மறுநாளே எல்லாம் அழிந்துவிடாது. பெரும்பாலானவை அதற்குப் பிறகும் பல காலம் தாங்கும், ஆனால் பொறுப்பேற்க ஆள் கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பொம்மை இருந்தால், ஓட்டுச் சூட்டிலிருந்து இறக்கி ஒருமுறை போர்ட்டலில் வைத்து விளையாடிவிடுங்கள். விளையாட்டு குறிப்பை மறுபடி எழுதும். எழுதிய கட்டங்களுக்குப் புது எலெக்ட்ரான், இன்னொரு 10 ஆண்டு. ஆனால் ‘நான் ஸ்பைரோ’ என்று சொல்லும் அந்த எண் இருக்கும் கட்டம் ஆலையிலேயே பூட்டப்பட்டது. அதை எந்தப் போர்ட்டலும் திரும்ப எழுதாது.